பங்குனி வெயிலில் போட்ட கணக்கு

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் கடைக்காரன் சிரிப்பான், லாட்ஜ்காரன் சிரிப்பான், எண்ணெய் தேய்த்துவிடுகிறவன் சிரிப்பான். எனக்கு வயிறு எரியும். இத்தனை வருஷம் கழித்தும் எரிகிறது. ஊரே கும்பிட்டு வரவழைக்கிற மழை அது. என் வீட்டில் ஒரு ஆளைக் கொண்டுபோனதும் அதுதான். மழையைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. குற்றம் என்னுடையது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஐந்தருவிக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே ஒரு பர்லாங்கு நடந்தால் எங்கள் வீடு. வீட்டை ஒட்டி வரிசையாக நாலு ரூம், ஓட்டுக் கூரை. அப்பா கட்டியது. ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் மதுரை, விருதுநகர், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து தங்கிக் குளித்துவிட்டுப் போவார்கள். அந்த மூன்று மாத வரும்படிதான் மிச்ச ஒன்பது மாதத்துக்கும். அம்மா நாங்கள் சின்னப் பையன்களாக இருக்கும்போதே போய்விட்டாள். அப்பா, அண்ணன், நான், மூன்று ஆம்பிளைகள்தான் அடுப்படி முதல் அறை கூட்டுவது வரை.

கரண்டு கிடையாது. சாலையில் கம்பம் இருந்தது, கம்பியில் கரண்டும் இருந்தது. நடுவில் ஒருத்தருடைய தோப்பு இருந்தது. தன் தோப்புக்குள் கம்பம் நடக்கூடாது என்று அவர் பிடித்த பிடியை விடவில்லை. அப்பா நாலு தடவை போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு தடவை நானும் கூடப் போனேன். அவர் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எழுபதுகளில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. வந்தவர்கள் அரிக்கேன் விளக்கைத் திரி இறக்கி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்கள். எண்பதுகளில் மெயின் அருவிப் பக்கம் லாட்ஜுகள் முளைத்தன. டியூப்லைட், ஃபேன், சுவரில் கண்ணாடி. அதன் பிறகு எங்கள் வாசலுக்கு வந்தவர்கள் உள்ளே கால் வைக்கும் முன்பே, "கரண்டு இருக்கா?" என்றுதான் கேட்டார்கள். இல்லை என்றால் பெட்டியைக் கீழே வைக்காமலே திரும்பினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சோலார் வந்தது. கரண்டு எட்டாத வீடுகளுக்கு மாதிரிக்குக் கொடுக்கிறோம் என்று சர்க்கார் ஜீப்பில் வந்தார்கள். ஓட்டின்மேல் கண்ணாடி போட்ட ஒரு தகடு, வீட்டுக்குள் ஒரு பேட்டரி, இரண்டு சின்ன டியூப்லைட். வந்த அதிகாரி சூரியன் உள்ளவரை இது எரியும் என்று எங்களிடம் சொல்லிவிட்டு, அப்பா வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டுப் போனார். அவர் சொன்னது பொய் இல்லை. சூரியன் உள்ளவரை எரிந்தது.

நான் அப்போது தென்காசியில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன். சால்டரிங் பிடிக்கத் தெரியும், மீட்டர் பார்க்கத் தெரியும். அதனால் வீட்டில் நான்தான் இஞ்சினியர். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது, தகட்டைத் துடைப்பது எல்லாம் என் பொறுப்பு. முதல் வருஷ ஆடியில் லைட் மஞ்சளாகிப் போய் நின்றுவிட்டது. ஆவணிக் கடைசியில் மறுபடி எரிந்தது. பேட்டரி கோளாறு என்று நினைத்தேன். அந்த இடத்தில் நின்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. அறைகளில் எப்போதும்போல அரிக்கேன்தான் என்பதால் யாரும் கேட்கவும் இல்லை.

அந்த வருஷக் கார்த்திகையில் அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிற்று. மதினி சுரண்டைக்காரி. அவளுடைய மாமா ஒருவர் துபாயில் இருந்தார். கல்யாணத்துக்கு வந்த இடத்திலேயே அண்ணனுக்கு விசா எடுத்துத் தருகிறேன் என்றார். ஆவணிக்குள் ஒரு பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றும் சொன்னார்.

அண்ணனுக்குப் போகப் பிடிக்கவில்லை. அவன் தண்ணீரில் கிடந்து வளர்ந்தவன். சாரல் காலத்தில் காலையில் ஒரு குளியல், சாயங்காலம் ஒரு குளியல். தலை துவட்டாமல் அலைவான், ஒரு தும்மல் வராது. வருகிற விருந்தாளிகளோடு உட்கார்ந்து வாயடிப்பதில் அவனுக்கு ஈடு கிடையாது. ஒரு தடவை தங்கினவர்கள் அடுத்த வருஷம் அவனைத் தேடித்தான் வந்தார்கள். ஒருநாள் கிணற்றடியில் வைத்து என்னிடம் கேட்டான்.

"ஏலே, நம்ம வீட்டுல எரியுத மாதிரி நாலு ரூம்லயும் எரிய வைக்க முடியுமாலே?"

"ஏன் முடியாது? இன்னும் ரெண்டு தகடு, இன்னொரு பேட்டரி. அவ்வளவுதான்."

"நெசமாத்தான் சொல்லுதியா? ரூம்ல வெளக்கு எரிஞ்சா ஆளு வரும்லே. ஆளு வந்தா நான் எதுக்குலே மணலத் திங்கப் போறேன்?"

"நான் இருக்கேம்லா" என்றேன்.

இந்த இரண்டு வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும்.

மலைமேல் ஒரு எஸ்டேட் பங்களாவில் இரண்டு தகடு சும்மா கிடந்தது. அங்கே கரண்டு வந்துவிட்டதால் விற்கத் தயாராக இருந்தார்கள். மதினி கையிலிருந்த இரண்டு வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். தகட்டைச் சாக்கில் சுற்றி அண்ணனும் நானும் தலைச்சுமையாக இறக்கினோம். தென்காசியில் ஒரு லாரி பேட்டரி வாங்கினோம். பங்குனி மாதம். ஓடு காலைச் சுட்டது. நனைத்த சாக்கைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து சட்டம் அடித்தேன். பழைய தகட்டோடு புதியது இரண்டையும் சேர்த்து, வீட்டிலிருந்து நாலு ரூமுக்கும் ஒயர் இழுத்தேன். மீட்டரை வைத்துப் பார்த்தேன். முள் எகிறிக்கொண்டு நின்றது. எவ்வளவு வருகிறது, ஆறு லைட்டுக்கு எவ்வளவு போகும் என்று தீப்பெட்டி அட்டையில் கணக்குப் போட்டேன். வந்தது போக மிச்சமே இருந்தது. கணக்கில் ஒரு தப்பும் இல்லை. பங்குனி வெயிலில் போட்ட கணக்கு என்பதுதான் தப்பு.

முதல் நாள் ஆறு லைட்டையும் போட்டுவிட்டு அண்ணன் முற்றத்தில் நின்று பார்த்தான். ரூமில் ஒரு ஈ காக்காய் இல்லை. சித்திரை, வைகாசியில் குற்றாலத்துக்கு யார் வருவார்கள்? அருவியில் பாறைதான் இருக்கும். ஆனாலும் அவன் தினமும் நாலு ரூமையும் திறந்து லைட் போட்டுப் பார்த்தான். ஒரு பலகையில் நீல பெயிண்டால் 'மின்விளக்கு வசதி உண்டு' என்று அவன் கையாலேயே எழுதிச் சாலையோரத்தில் நட்டான்.

மதினி ஒருத்திதான் கேட்டாள். தோசை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"கொழுந்தனாரே, ஒண்ணு கேக்கேன். சீசன்ல இங்கன சூரியனையே பாக்க முடியாதுன்னு ஒங்க அண்ணன் பெருமையாச் சொல்லுதாக. பொறவு இந்தத் தகடு எதத் தின்னு எரியும்?"

அண்ணன் சத்தமாகச் சிரித்தான். "சுரண்டக் காட்டுல வெயில்ல காஞ்ச கழுதைக்குச் சந்தேகத்தப் பாருலே!"

நான் சிரித்ததோடு நிற்கவில்லை. "மதினி, அதுக்குத்தான் பேட்டரி. வெயில் இல்லாட்டாலும் ரெண்டு மூணு நாளு தாங்கும்" என்று பாடம் எடுத்தேன். தோசையைத் திருப்பிப் போட்டாள்.

இதில்தான் எனக்கு ஆத்திரம் அடங்காமல் வருகிறது. ஒரு நல்ல சீசன் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியாதா? மலை தெரியாமல் மேகம் இறங்கிக் கிடந்தால் நல்ல சீசன். துணி நாலு நாள் காயாமல் நாறினால் நல்ல சீசன். வெயில் அடித்தால் அப்பா நெற்றியில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார். மேகத்தை நம்பிச் சோறு தின்கிற குடும்பம் நாங்கள். அந்தக் குடும்பத்தில் மூன்று ஆம்பிளைகள், ஒருத்தருக்குமே அது உறைக்கவில்லை. வறண்ட ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் ஆன பெண்ணுக்கு உறைத்தது. அவளைக் கழுதை என்றோம்.

ஆனி பிறந்த அன்று அப்பா வருஷா வருஷம் குற்றாலநாதர் கோயிலில் தேங்காய் உடைப்பார். சாரல் தவறாமல் விழ வேண்டும் என்று வாய்விட்டே வேண்டுவார். அந்த வருஷம் நானும் போனேன். அப்பா பக்கத்தில் நின்று கண்ணை மூடும்போதுதான் மதினி கேட்டது சுரீர் என்று மண்டையில் ஏறியது. போன வருஷ ஆடியில் லைட் மஞ்சளானது ஞாபகம் வந்தது. கை கூப்பியபடி நின்றேன். என்ன வேண்டுவது? அப்பா மழை கேட்கிறார். நான் வெயில் கேட்க வேண்டும். அப்பா கேட்டது கிடைத்தால் ஆள் வரும், விளக்கு எரியாது. நான் கேட்டது கிடைத்தால் விளக்கு எரியும், ஆள் வராது. ஒன்றும் வேண்டாமல் திருநீற்றை வாங்கிப் பூசிக்கொண்டு வந்தேன். யாரிடமும் சொல்லவும் இல்லை. அதற்கும் தைரியம் இல்லை.

அந்த வருஷம் மாதிரி ஒரு சீசன் அதற்கு முன்னால் வந்தது கிடையாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஆனி முதல் வாரமே பொதிகைக் காற்று இறங்கியது. பின்னாலேயே சாரல். ஐந்தருவியில் அஞ்சு கிளையும் ஒன்றாகச் சேர்ந்து கொட்டியது. பலகையைப் பார்த்து ஆட்கள் வந்தார்கள். நாலு ரூமும் நிரம்பின. அண்ணன் ஒரு ரூமிலிருந்து இன்னொரு ரூமுக்குப் பறந்தான். "ஒங்க மாமாவுக்குக் காயிதம் எழுதிப் போடு, வேற ஆளப் பாக்கச் சொல்லு" என்று மதினியிடம் சொன்னான். "ஆவணி வரட்டும்" என்றாள் அவள்.

நான் சொன்ன கணக்குப்படி பேட்டரி மூன்று நாள் தாங்கியது. நாலாவது நாள் ஆறு லைட்டும் மஞ்சளாகி, ஓரங்களில் கறுத்து, மினுக்கென்று அடித்து நின்றன. ஓட்டின்மேல் ஏறித் தகட்டைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்கத் தூறல் விழுந்தது. மீட்டர் முள் ஏதோ கும்பிடு போடுகிற மாதிரி லேசாக அசைந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. கீழிருந்து அண்ணன், "என்னலே, ஏதாச்சும் வருதா?" என்று கேட்டுக்கொண்டே நின்றான். நான் மறுபடி துடைத்தேன்.

ஒரே வழிதான் இருந்தது. தென்காசியில் பேட்டரி சார்ஜ் ஏற்றும் கடை உண்டு. கழற்றி எடுத்துக்கொண்டுபோய்க் கரண்டில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். பஸ்ஸில் கண்டக்டர் ஏற்றவில்லை. "ஆசிட் சிந்துனா எவன்யா பதில் சொல்லுதது? எறங்கும்" என்றார். அண்ணன் சைக்கிள் கேரியரில் வைத்து டியூபால் இறுக்கிக் கட்டினான். நான் கடைக்கு வேலைக்குப் போகும்போது கொண்டுபோகிறேன் என்றேன். "நீ மிதிச்சா மதியம்தான் போய்ச் சேருவ" என்று அவனே கிளம்பினான். ஒன்று கடையில் ஏறும்போது இன்னொன்று வீட்டில். தினமும் போக ஒரு தடவை, வர ஒரு தடவை. அந்தக் கனத்தோடு, அந்தச் சாரலில். பன்னிரண்டு நாள் மிதித்தான். கடைக்காரர்கூட, "அண்ணாச்சி, ஒம்ம வீட்டுக்குச் சூரியன் தென்காசியில இருந்தால்லா போவுது" என்று கிண்டல் செய்தார். அண்ணன் அதற்கும் சிரித்தான்.

பதிமூன்றாவது நாள் சார்ஜ் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, இலஞ்சிக்குப் பிரிகிற விலக்கில் சைக்கிள் வழுக்கியது. விழும்போது பேட்டரியைக் காப்பாற்ற மடியில் வாங்கியிருக்கிறான். மூடி தெறித்து ஆசிட் தொடையெல்லாம் கொட்டியிருக்கிறது. சாரல் தண்ணீரில் கழுவினேன், ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டு நொண்டியபடி வந்தான். வேட்டி பொத்தல் பொத்தலாக இருந்தது. உள்ளே தோல் வெள்ளையாக வெந்து கிடந்தது. மதினி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் நாலு வசவு வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்குப் பார்த்து மதுரையிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் குடும்பத்தோடு இரண்டு ரூம் எடுத்திருந்தார். சாயங்காலம் லைட் இல்லை என்றதும் வெளியே வந்தார். அப்பா அரிக்கேனைத் துடைத்து ஏற்றிக் கொண்டுபோனார்.

"என்னய்யா இது? ரோட்டுல போர்டு வச்சிருக்கீங்க, இங்கிட்டு வந்தா அரிக்கேனத் தூக்கிட்டு வர்றீங்க."

"சாரலுங்க. வெயில் இல்ல. அது வெயிலுல எரியுத லைட்டு" என்றார் அப்பா.

அவர் திரும்பித் தன் சம்சாரத்திடம் சொன்னார்: "கேட்டியா? குத்தாலத்துல வெயில்ல எரியுற லைட்டு வச்சிருக்காங்களாம்!"

பிள்ளைகள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து ரூம்காரர்களும் வெளியே வந்து, விஷயம் கேட்டுச் சிரித்தார்கள். அப்பா அரிக்கேனைப் பிடித்தபடி நின்றார். அண்ணன் காலை நீட்டித் தாழ்வாரத்தில் கிடந்தான். எல்லாரையும் சிரிக்க வைக்கிறவன், அன்றைக்கு அவன்தான் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் இரண்டு குடும்பமும் லாட்ஜுக்குப் போய்விட்டது. அந்தக் கதை டீக்கடைக்கும் போய்விட்டது. 'வெயில் லைட்டு வீடு' என்று எங்களுக்குப் பெயர் வந்தது.

ஆடிக் கடைசியில் புண் ஆறியதும் அண்ணன் நொண்டி நொண்டிச் சாலைக்குப் போய்ப் பலகையைப் பிடுங்கிக்கொண்டு வந்து அடுப்படியில் போட்டான். "வெந்நிக்கு ஆவும்" என்றான். மதினியிடம், "ஒங்க மாமாவுக்கு எழுது" என்றான்.

"போவாண்டாம்ணே" என்றேன். "அடுத்த வருசம் ஏதாச்சும் பண்ணுவோம்."

"என்னலே பண்ணுவ? மேகத்த வெலக்கி விடுவியா?"

"இல்லண்ணே, இன்னும் ரெண்டு தகடு..."

"செத்த மூதி, வாயப் பொத்து." அவன் என்னை வைதது அந்த ஒரு தடவைதான். அதையும் முழுசாகச் செய்யவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஓட்டுல ஏறும்போது பாத்து ஏறுலே, பாசி பிடிச்சுக் கெடக்கு" என்றான்.

அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. போக வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் அண்ணன் கேட்டிருப்பான். பெரியவன் போனால் வீட்டுக்கு நாலு காசு வரும் என்று அவர் மனசுக்குள் நினைத்திருப்பார் என்று நான் ரொம்ப நாள் அவர்மேல் கோபமாக இருந்தேன். இப்போதும் அந்தக் கோபம் முழுதும் போகவில்லை.

ஐப்பசியில் அண்ணன் போனான். மதினி அப்போது மூன்று மாதம். அடுத்த மாசியில், சரியாக மாசியில், தோப்புக்காரர் தோப்பை விற்றார். வாங்கியவருக்கு மோட்டாருக்குக் கரண்டு தேவைப்பட்டது. ஒரே வாரத்தில் கம்பம் நட்டார்கள். எங்கள் வீட்டுக்கும் இழுத்தார்கள். நாலு ரூமிலும் டியூப்லைட், ஃபேன். யாரிடமும் கையைக் கட்டவில்லை. நாலு மாதம் பொறுத்திருந்தால் போதும். நாலே மாதம்.

கரண்டு வந்துவிட்டது, ஊருக்கு வா என்று எழுதினேன். பதில் ஒரு மாதம் கழித்து வந்தது. "இரண்டு வருஷம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், வர முடியாது. இங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. உன் தகட்டை இங்கே கொண்டுவந்திருக்க வேண்டும்லே." கிண்டலாகத்தான் எழுதியிருந்தான். அதை மதினிக்கு வாசித்துக் காட்டும்போது அந்த வரியை விட்டுவிட்டு வாசித்தேன்.

எண்பதுகள் முடிவதற்குள் இரண்டு தடவை வந்தான். இரண்டும் பங்குனியில். ஆனி, ஆடியில் அவனுக்கு லீவு கொடுக்க மாட்டார்கள். முதல் தடவை வந்தபோது அவன் மகள் அவனைப் பார்த்து அழுதுகொண்டு என் காலைக் கட்டிக்கொண்டாள். இரண்டாவது தடவை வந்த மறுநாள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்தருவிக்குப் போனான். தண்ணீர் இருக்காது என்று அவனுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் போனான். நான் தடுக்கவில்லை. பாறையில் குரங்குகள்தான் இருந்தனவாம். போன எண்ணெயோடு திரும்பி வந்து, கிணற்றில் இறைத்து ஊற்றிக்கொண்டான்.

தலை துவட்டிக்கொண்டே ஓட்டைப் பார்த்தான். மூன்று தகடும் அங்கேயேதான் கிடந்தன. இறக்க எனக்கு மனம் வரவில்லை.

"இப்ப எரியுமாலே?" என்று கேட்டான்.

பழைய ஒயரைத் தேடி ஒரு லைட்டை மாட்டிக் காட்டினேன். பட்டப்பகலில் பளீரென்று எரிந்தது.

"நல்லாத்தான எரியுது" என்றான். கொஞ்ச நேரம் பார்த்தான். அவனே அணைத்தான்.

சித்திரையில் திரும்பிப் போனான். ஆனியில் சாரல் நாள் தவறாமல் விழுந்தது. அப்பா தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். நாலு ரூமும் நிரம்பி, நாலிலும் விளக்கு எரிந்தது. அண்ணன் கேட்டது அவ்வளவுதான். மதினி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ரூமாகப் போய் விருந்தாளிகளுக்குக் குடிக்கத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தாள்.